வெந்நீரில் போட்ட வளையல்கள்

சேலையூர்
18-11-92

அன்பு மகள் சாமுண்டீஸ்வரிக்கு அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமாய் இருக்க வேண்டும் என்று வேண்டாத நேரமில்லை. ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு உன்னைப் பிரசவத்துக்கு அழைத்து வர அப்பா வெள்ளிக்கிழமை ரயிலேறுவார் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அவர் வரவில்லை. நீயும் வராதே. காரணத்தைப் பதறாமல் படி.

ஊரில் வாந்திபேதி. மழை விட்டதிலிருந்து சாக்கடை எது கிணறு எது என்று தெரியவில்லை, கேம்ப் ரோடு காலனிகளில் ஆரம்பித்து நம் தெருவுக்கும் வந்துவிட்டது. எதிர்வீட்டுக் கங்கையம்மாளின் புருஷன் சுப்பராயலு, காலையில் குழாயடியில் என்னோடு சிரித்துப் பேசிய மனுஷன், விளக்கு வைப்பதற்குள் கண் குழிந்து குரல் அடங்கிப் போய்விட்டார். தண்ணி தண்ணி என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். “தண்ணி குடுத்தா இன்னும் பூடும்னு எல்லாரும் சொன்னாங்கோ, நானும் குடுக்காமலே இருந்துட்டேனே கிளி” என்று அவள் என்னிடம் சொல்லி மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள். உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணீரைத்தான் விடாமல் கொடுக்க வேண்டுமாம், வாந்தி எடுத்தாலும் கொடுக்க வேண்டுமாம், ஆஸ்பத்திரி நர்சம்மா பிறகு சொன்னாள். நீ இதை மனதில் வைத்துக்கொள்.

அந்தச் சாவு வீட்டில் யாரோ நீட்டிய சொம்புத் தண்ணீரை உன் அப்பா வாங்கிக் குடித்திருக்கிறார், வேண்டாம் என்றால் மரியாதை இல்லையாம். அந்த மரியாதை அவரைக் குளுக்கோஸ் பாட்டில் வரை கொண்டுபோய் விட்டது. பிழைத்துக்கொண்டார், பயப்படாதே. கஞ்சி குடிக்கிறார், சுவரைப் பிடித்து நடக்கிறார். “பொண்ணு கிட்ட இன்னாத்துக்கு சொல்ற, பேஜாராய்டும்” என்கிறார். சொல்லாவிட்டால் நீ கிளம்பிவிடுவாய் என்று எனக்குத் தெரியாதா.

இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் கொதிக்க வைக்கிறேன். என்னையும் ஒரு கொதி வுட்டு இறக்கிடும்மா என்று உன் தம்பி கேசவன் கேலி செய்கிறான். உனக்காகத் தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கி வைத்த கண்ணாடி வளையலைப் பார்த்தேன், கடைக்காரன் எந்தக் கையால் தொட்டானோ, அதைப் போட்டுக்கொண்ட கையால்தானே நீ சாப்பிடுவாய் என்று தோன்றியது, தவலை வெந்நீரில் போட்டுவிட்டேன். பட்பட்டென்று பாதிக்கு மேல் போய்விட்டது. வளைகாப்பு வளையல் உடைந்தால் ஊர் என்ன சொல்லும் என்று உனக்கே தெரியும். அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். வெந்நீர் பட்டா கண்ணாடி வெடிச்சுத்தான் போவும், இதுல இன்னா சகுனம் கீது என்கிறார் அப்பா. நம்பத்தான் பார்க்கிறேன்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது எனக்கு மறந்துவிடவில்லை. எட்டாம் மாதம் பயணம் கூடாது, ஒன்பதில் டாக்டர் விடமாட்டார், இப்போது வராவிட்டால் பிரசவம் அங்கேதான் என்றும் தெரியும். பெற்றவள் தட்டிக் கழிக்கிறாள் என்று உன் மாமியார் சொன்னால் சொல்லட்டும், அவர் கையாலேயே வளையல் போடச் சொல். அப்பாவை விட்டு நானும் வர முடியாது, வந்தால் என்னோடு என்ன வருமோ. அந்த ஊர் ஆரஞ்சை நீயே உரித்துத் தின்னு, தெருவில் பிழிந்து விற்பதைத் தொடாதே. வெளியே போய் வந்தால் சோப்பு போட்டுக் கை கழுவு.

நீ அழுதால் மாப்பிள்ளை டிக்கெட் வாங்கிவிடுவார். அதனால், பெட்டியோடு வாசலில் வந்து நின்றால் கதவைத் திறக்க மாட்டேன் என்று எழுதினேன், அடித்துவிட்டேன். திறந்துவிடுவேன் சாமு. உன்னைப் பார்த்தால் எனக்கு எந்த நோயும் நினைவுக்கு வராது, கட்டிக்கொள்வேன். அந்தப் பயத்தில்தான் சொல்கிறேன், வராதே.

தாய் வேறு பிள்ளை வேறாக நீ நல்லபடியாகப் பிரிந்து எழ வேண்டும், மஞ்சள் குங்குமத்தோடு நூறாண்டு வாழ வேண்டும். உடையாத வளையல்களைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், குழந்தையோடு வரும்போது போட்டுக்கொள். தண்ணீரைக் கொதிக்க வைக்க மறக்காதே.

உன் வரவுக்குப் பயந்துகொண்டும் ஏங்கிக்கொண்டும் இருக்கும்
அம்மா
து. கிளியம்மாள்