கிரகணம் பார்த்த எக்ஸ்ரே

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

போனில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஏன் என்று எழுதிக் கேட்டால், "லெட்டர் போடுடி, நாலு தடவை படிப்பேன்" என்கிறாய். சரி, படி.

என்ன வேலை என்று கேட்டிருந்தாய். வெகு தொலைவில், செத்துப்போன இரண்டு நட்சத்திரங்கள் மோதிக்கொள்கின்றன. அதில் எழும் அதிர்வு, ஈர்ப்பலை என்பார்கள், இங்கே ஒரு கருவியில் பதிகிறது. மோதியது உறுதி, எங்கே என்பதுதான் சரியாகத் தெரியாது. "இந்தப் பக்கம் எங்கேயோ" என்று வானத்தில் பெரிய துண்டு ஒன்றைக் காட்டிவிடுவார்கள். மோதிய இடத்தில் புதிதாக ஓர் ஒளி தெரியும், சில நாளில் மங்கிவிடும். அதற்குள் பிடிக்க வேண்டும். இரவில் தொலைநோக்கி எடுத்த படத்தை நான் காலையில் உட்கார்ந்து பழைய படத்தோடு ஒப்பிடுவேன். புதியதிலிருந்து பழையதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் புது ஒளி.

ஒப்பந்த ஆட்களுக்கு மஞ்சள் அட்டை. மஞ்சள் அட்டைக்காரர்கள் லிஃப்டில் ஏறக்கூடாதாம். தினமும் நாலு மாடி நடந்து ஏறி அண்டத்தை அளக்கிறேன்.

உன் இருமல் எப்படி இருக்கிறது?

உன் வாலு

மார்ச் 13

என் வாலுக்கு,

நட்சத்திரம் மோதுவதைப் படித்தேன். இங்கே மேஸ்திரியும் ஸ்டோர்காரரும் மோதினார்கள். கருவியே வேண்டாம், தெருமுனை வரை கேட்டது.

பத்து வருஷமாக இந்தப் பீங்கான் கம்பெனியில் உப்புத்தாளால் வாஷ்பேசின் தேய்த்துத் தேய்த்து என் கையே உப்புத்தாள் ஆகிவிட்டது. பேக்கிங் பக்கம் மாற்றிவிடுங்கள், அங்கே தூசி இல்லை என்று கேட்டேன். டாக்டர் எழுதித் தந்தால் மாற்றுவார்களாம். கம்பெனி டாக்டர் இந்த வருஷ எக்ஸ்ரேயையும் போன வருஷத்து எக்ஸ்ரேயையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். "அப்படியேதாம்மா இருக்கு, ஒரு மாத்தமும் இல்ல" என்று அனுப்பிவிட்டார். நல்லதுதானே? படி ஏறும்போது மட்டும் கொஞ்சம் நின்று நின்று ஏறுகிறேன்.

லீவு போட்டு ஓடி வராதே. இருக்கிற மஞ்சள் அட்டையையும் பிடுங்கிக்கொள்வார்கள். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 24

அக்கா,

பெரிய தப்புப் பண்ணிவிட்டேன். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை ஒரு மோதல் பதிவானது. செவ்வாய் இரவுப் படத்தை ஒப்பிட வேண்டும். பழைய படங்கள் மங்கலாக இருந்தன என்று, தெளிவாக இருந்த திங்கள் இரவுப் படத்தை எடுத்து வைத்துக் கழித்தேன். "ஒன்றுமில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். அதே இடத்தில் வேறொரு குழு அந்த ஒளியைக் கண்டுபிடித்துவிட்டது. திங்களன்றே அது அங்கே இருந்திருக்கிறது. இரண்டு படத்திலும் இருப்பதைக் கழித்தால் என்ன மிஞ்சும்?

"கண்ணை எங்க வச்சிருந்த?" என்றார் தலைவர். நல்லது நடந்தால் "எங்கள் குழு", தப்பு நடந்தால் "அந்தக் கான்ட்ராக்ட் பொண்ணு". இனி மோதலுக்கு முந்தைய படத்தோடு மட்டுமே ஒப்பிட வேண்டும் என்ற விதியை நான்தான் எழுதினேன். கீழே கையெழுத்து அவருடையது.

அதை எழுதும்போதுதான் உன் டாக்டர் நினைவுக்கு வந்தார். போன வருஷமும் நீ இருமிக்கொண்டுதானே இருந்தாய்! நான் அவசரத்தில் செய்தேன். அத்தனை படித்த மனுஷன் தெரியாமலா செய்தார்?

போனில் பேசினால் இருமல் கேட்டுவிடும் என்றுதானே எனக்கு லெட்டர்?

நீ வேலைக்குச் சேர எடுத்த எக்ஸ்ரே என்னிடம் இருக்கிறது. எட்டாம் வகுப்பில், சூரிய கிரகணம் பார்க்க உன் பெட்டியிலிருந்து நான்தான் திருடினேன். எடுக்கவே இல்லை என்று உன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். அதன் வழியாகச் சூரியனைப் பார்த்த அன்றுதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. அப்படிப் பார்த்தால் கண் கெடும் என்று அப்போது தெரியாது. ஓரத்தில் உன் பெயரும் தேதியும் அழியாமல் இருக்கின்றன. இதோடு வைத்திருக்கிறேன். அந்த டாக்டர் முகத்துக்கு நேரே பிடி. எழுதித் தரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே.

வாலு

ஏப்ரல் 5

அடி திருடி,

அந்தப் படத்துக்காக அன்றைக்கு வீட்டையே புரட்டிப் போட்டேன். நீயும் கூடவே தேடினாயே, பாவி!

டாக்டரிடம் போய், அதையும் இந்த வருஷ எக்ஸ்ரேயையும் ஜன்னலில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். பழையது சுத்தமாக இருந்தது. புதியதில் நெஞ்சு முழுக்கப் பொடிப் புள்ளி. எனக்கே தெரிந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இதை யாரு கொண்டுவரச் சொன்னது?"

"என் தங்கச்சி சார். ரெண்டு படத்தை ஒப்பிட்டுப் பாக்குறதுதான் அவளுக்கு வேலை."

"எந்த ஆஸ்பத்திரியில?"

"ஆஸ்பத்திரி இல்ல சார், வானத்துல."

எழுதித் தந்தார். திங்கள் முதல் பேக்கிங். நெஞ்சில் இருப்பது இனிப் போகாதாம். கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். உன்னிடம் மறைத்துத்தான் என்ன? தேய்க்கிற பிரிவில் இப்போது பதினோரு பேர், தாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த எக்ஸ்ரேயைத் தேடி வீட்டில் பெட்டியைக் குடைகிறார்கள். மேஸ்திரி என்னை முறைக்கிறார், முறைக்கட்டும்.

படத்தின் நடுவில் உன் மூக்கு அழுந்திய தடம் இருக்கிறது, சின்னதாக. டாக்டர் கைக்குட்டையால் துடைக்கப் போனார். "அதை விடுங்க சார்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. எடுப்பேன். நடுவில் இருமினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அக்கா