விளக்கு வைத்த பிறகு உறைமோர்

12.8.96, திங்கள்

இன்றும் பள்ளிக்கூடத்திலிருந்து வர நேரமாகிவிட்டது. டவுனில் ஏறிய பஸ் மேம்பாலத்தில் கொஞ்சம், ஆற்றுப்பாலத்தில் கொஞ்சம் என்று நின்று நின்று வந்தது. வளவில் இருந்தபோது மணி அடித்ததும் நடந்தே வீட்டுக்குப் போய், காப்பி குடித்து, கண்ணும் அசந்திருப்பேன்.

ஆனால் வந்ததும் நேரே குளிக்கப் போனேன். யாரும் கதவைத் தட்டவில்லை. வாளியோடு யாரும் வெளியே காத்து நிற்கவில்லை. மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டேன், வாய்விட்டுப் பாடக்கூடச் செய்தேன். ஒரே வாசலுக்குள் எட்டுக் குடும்பம், ஒரே குளியலறை என்று வளவில் கிடந்த காலமெல்லாம் இதற்குத்தானே ஆசைப்பட்டேன்? பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் வீடு கட்டணும், கட்டணும் என்று இவரை நச்சரித்தது நான்தானே?

பிறகு தலை துவட்டும்போது ஏன் அழுகை வந்தது? தெரியவில்லை.

எங்கள் தெருவில் டாக்டர், வக்கீல், என்ஜினியர், நடுவில் நாங்கள், பேங்க் மேனேஜரும் டீச்சருமாக ஒரு குடும்பம். எல்லா வீட்டுக்கும் ஆள் உயரச் சுவர். பாதி வீடுகளில் ‘நாய் ஜாக்கிரதை’ என்று போர்டு. குரைப்பது என்னவோ ஒரே ஒரு நாய்தான். பக்கத்து வீட்டுப் பாக்கியவதி (அவள் வீட்டுக்காரர் சத்தியநேசன், காலேஜில் பேராசிரியர்) கேட்டைத் திறக்கும்போது என்னைப் பார்த்தால் “குட் மார்னிங் மேடம்” என்கிறாள். நானும் குட் மார்னிங் என்கிறேன். ஒரு வருஷமாக எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

18.8.96, ஞாயிறு

இவருடைய அண்ணன் அருணாசலம் அத்தான் வந்திருந்தார். செருப்பை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வராந்தாவிலேயே நின்றார். பாவமாக இருந்தது.

காப்பியைக் குடித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தார். “ஏலே சிவா, வளவுக்குத் திரும்பி வாரியளா இல்லியா, ஒரு வார்த்தை சொல்லிருங்க. வீடு பூட்டியே கெடந்தா கறையான்தான் திங்கும். வரலேன்னா எனக்குக் கிட்டங்கிக்கு ஆகும். நடுச்சுவரைத் தட்டிட்டு அரிசி மூடையை அடுக்கிருவேன். தை பொறந்ததும் வேலையை ஆரம்பிக்கணும்.”

சுவரைத் தட்டிவிட்டால் பிறகு திரும்பிப் போக வீடு கிடையாது. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இவர் என்னைக் கைகாட்டிவிட்டார். “அவதான் சொல்லணும். அவதான இங்க வரணும்னு நின்னா.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. யோசித்துச் சொல்கிறோம் என்றேன்.

வளவு வீட்டுச் சாவி அடுக்களைக் காலண்டருக்குக் கீழே தொங்குகிறது. தோசை சுடும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

19.8.96

யோசித்தேன். காலையில் போகலாம் என்று இருந்தது. சாயங்காலம் இருக்கலாம் என்று இருக்கிறது.

1.9.96, ஞாயிறு

கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே வளவுக்கும் போனேன். வாசலில் கால் வைத்ததுமே கோமு மதினி குரல். “ஏட்டி சித்ரா! பாளையங்கோட்டைக்காரி வந்துட்டாளா? ஏன் இப்படி வத்திப் போயிருக்கே?” இவருக்கு ஒன்றுவிட்ட அக்கா. அந்த ‘ஏட்டி’யைக் கேட்டதும் மனசு குளிர்ந்துபோயிற்று. பெருமாள்புரத்தில் என்னை ஏட்டி என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்?

காப்பி ஆறுவதற்குள் எதிர்வீட்டு மாமி ஆரம்பித்துவிட்டாள். “ப்ரியா ஒண்ணோட நிறுத்திட்டியளே... இன்னொண்ணு இருந்திருக்கலாம்.” அவளுக்கு எல்லாம் தெரியும். இரண்டாவது அஞ்சாம் மாசம் தவறிப்போன அன்று என்னை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவளே அவள்தான். என்னோடு சேர்ந்து அழுதவள். அழுததும் அவள்தான், வருஷா வருஷம் கேட்பதும் அவள்தான். பெருமாள்புரத்தில் இதை ஒருத்தரும் கேட்டதில்லை. அந்த ஒரு நிம்மதிக்காகவே அங்கே இருந்துவிடலாம் என்று எழுந்து வந்தேன்.

வாசல் வரை வந்த கோமு மதினி, “இப்பல்லாம் யாரு வந்து ஒங்ககிட்ட உறைமோர் கேக்கா?” என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

வளவில் அது ஒரு வழக்கம். விளக்கு வைத்த பிறகு மோர், தயிர், உப்பு எதையும் யாரும் கொடுக்க மாட்டார்கள். அதனால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் ஏதாவது வீட்டில் புருஷன் பெண்டாட்டி சத்தம் கொஞ்சம் மேலே போனால், கோமு மதினி ஒரு டம்ளரைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பாள். “உறைக்குக் கொஞ்சம் மோர் இருக்கா?” உள்ளே இருப்பவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “விளக்கு வச்சாச்சே மதினி, உக்காருங்க” என்பாள். மதினியும் உட்கார்ந்துவிடுவாள். காப்பி வரும். புருஷன்காரன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். சண்டை என்று ஒரு வார்த்தை யார் வாயிலும் வராது.

எனக்கு அப்போது எரிச்சலாக இருக்கும். நிம்மதியாகச் சண்டை போடக்கூட விடமாட்டார்களா என்று.

14.9.96, சனி

ப்ரியாவிடம் கேட்டேன். பிளஸ் டூ படிக்கிறவளிடம் கேட்காமல் முடிவு பண்ணக் கூடாதில்லையா? அவள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவே இல்லை. “அங்கன எனக்குன்னு ஒரு கதவாவது இருக்காம்மா? எதைச் சாத்திக்கிட்டுப் படிக்க?”

நியாயம்தான். சாப்பாட்டுக்குக் கூப்பிட இப்போது நான்தான் அந்தக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2.10.96, புதன்

எழுதலாமா வேண்டாமா என்று இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் ப்ரியா டியூஷனுக்குப் போயிருந்தாள். இவர் ஷட்டில் விளையாடிவிட்டு வந்தார். அத்தானுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். எனக்கு இங்கே பிடித்துப்போயிற்று, சாவியைக் கொடுத்துவிடலாம் என்றார். எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது? நானும் பாதி மனசில் அதைத்தானே நினைத்துக்கொண்டிருந்தேன்? வளவை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தவர் இன்றைக்கு இவ்வளவு லேசாகச் சொல்கிறாரே என்றா?

வளவில் நாங்கள் சண்டையைக் குசுகுசுவென்றுதான் போடுவோம். இங்கே வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கத்தினோம். கத்திவிட்டு ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் வாசலைப் பார்த்தோம். சத்தியமாகப் பார்த்தோம். யாரும் வரவில்லை. அதனால் இன்னும் கத்தினோம்.

“ஒங்க அய்யா குடிச்சு அழிச்சது போக மிஞ்சுன வீடுதானே, அதுல என்ன வச்சிருக்கு” என்று சொல்லிவிட்டேன். மாமா செத்துப் பன்னிரண்டு வருஷம். நான் அப்படிச் சொல்லுவேன் என்று நானே நினைத்ததில்லை.

இவர் மெதுவாகத்தான் சொன்னார். “ஒரு பிள்ளையோட நின்னது எங்க அய்யாவாலயா?”

எதை யாரும் என்னிடம் கேட்கக் கூடாது என்று டவுனை விட்டு ஓடிவந்தேனோ, அதை என் வீட்டுக் கூடத்தில் வைத்து இவரே கேட்டுவிட்டார்.

3.10.96

பேசவில்லை.

6.10.96, ஞாயிறு

இன்னும் பேசவில்லை. ப்ரியாதான் நடுவில் தபால்காரி. “அம்மா, அப்பாவுக்கு மோர் வேணுமாம்.” இந்த வீட்டில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நாள் முழுக்க இருக்க முடிகிறது. மாடியில் ஒருத்தர், கீழே ஒருத்தர். வளவில் இருந்த ஒரே அறையில் எத்தனை நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க முடியும்? சோறு போடும்போது முழங்கை இடிக்கும், அதோடு சரியாகிவிடும்.

வீடு பெரிதாக இருப்பது நல்லதா கெட்டதா? யாராவது எனக்குச் சொல்லுங்களேன்.

21.10.96, திங்கள்

அசட்டு வேலை ஒன்று செய்துவிட்டேன்.

விளக்கேற்றிவிட்டுப் பின்பக்கம் துணி எடுக்கப் போனேன். மழை வருகிற மாதிரி இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தியநேசன் குரல். அவ்வளவு அமைதியான மனுஷன்! ஏதோ மாறுதல், தூத்துக்குடி, உன் வேலை, என் அம்மா என்று துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. பிறகு பாக்கியவதி அழுகிற சத்தம். என்னமோ கீழே விழுந்து உடைந்தது.

என்ன செய்ய? இங்கே அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடக் கூடாது. அந்த நாகரிகத்துக்காகத்தானே வந்தேன். போனால் என்ன நினைப்பார்கள்? போகாவிட்டால்? துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பிறகு கால் தானாகப் போயிற்று. அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக் காலிங்பெல்லை அழுத்திவிட்டேன். உள்ளே சத்தம் நின்றது.

கதவைத் திறந்தவள் மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

“உறைக்குக் கொஞ்சம் மோர் இருக்கா?” என்றேன்.

அவள் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “எங்க வீட்டுல மோரு, தயிரு எதுவுமே கெடையாதே மேடம். இவங்களுக்கு இளைப்பு. தயிரு ஆகவே ஆகாது.”

உக்காருங்க என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? சத்தியநேசன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எங்களைத் தாண்டி வெளியே போனார். அது மட்டும் சரியாக நடந்தது. “சரி, வாரேன்” என்று ஓடிவந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

22.10.96

இவரிடம் சொன்னேன். இருபது நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. “போயும் போயும் வேதக்கார வீட்டுல போயா உறைமோர் கேட்ட?” என்று சிரித்தார். கிறிஸ்தவர்களை டவுனில் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றைக்குப் பேசியதைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அது அப்படியே கிடக்கிறது.

11.11.96, திங்கள்

தீபாவளிப் பலகாரத்தைப் பாக்கியவதியிடம் அவள் வீட்டு கேட்டில் வைத்தே கொடுத்தேன். வாங்கிக்கொண்டவள் உடனே போகவில்லை.

“அன்னைக்கு நீங்க நெசமாவே மோருக்குத்தான் வந்தீங்களா மேடம்?”

ஆமாம் என்றேன். இல்லை என்றேன். பிறகு வளவு வழக்கத்தை உளறிக் கொட்டிவிட்டேன். கேட்கக் கேட்க அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோபமா, அழுகையா, என்னவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். டம்ளரைக் கேட்கவும் கூச்சமாகப் போய்விட்டது.

8.12.96, ஞாயிறு

வளவு வீட்டைத் திறந்து பார்த்தேன். மழையில் ஒரு மூலை ஒழுகியிருக்கிறது. கறையான் உத்திரத்துக்கு ஏறிவிட்டது. இருந்தாலும் அந்தச் சின்ன அடுக்களையில் நின்றதும், வந்துவிடலாம் என்றுதான் தோன்றியது.

பிறகு குளியலறை வாசலில் வாளிகளைப் பார்த்தேன். ஐயோ, வேண்டாம்.

அத்தான் கேட்டார். பொங்கலுக்குள் சொல்கிறேன் என்றேன்.

5.1.97, ஞாயிறு

பொங்கலுக்கு ஒட்டடை அடித்து விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. சாவி ஆணியிலிருந்து கீழே விழுந்தது. எடுத்துக்கொண்டே இவர், “இன்னைக்காவது ஒரு முடிவு சொல்லு” என்றார். எங்கே முடிவு? அது மறுபடியும் அந்த அக்டோபர் சண்டைக்கே போயிற்று. உள்ளே கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. “ஒனக்கு எங்க இருந்தாலும் போதாது. வளவும் வேணும், பங்களாவும் வேணும்” என்றார். நான் அழுதுகொண்டே, “இங்கன நான் செத்துக் கெடந்தாலும் ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க, ஒங்களுக்கு ஷட்டில்தான் பெருசு” என்று கத்தினேன். பிள்ளையைப் பற்றிய பேச்சும் வரப்போகிறது என்று தெரிந்தது. அவர் வாய் திறந்ததைப் பார்த்தேன்.

காலிங்பெல் அடித்தது.

நான்தான் போய்த் திறந்தேன். பாக்கியவதி. ஈரத் தலையோடு அவசரமாக வந்திருக்கிறாள். கையில் என் டம்ளர். ‘சித்ரலேகா’ என்று என் பேரை அம்மா வெட்டிக் கொடுத்த அதே டம்ளர்.

“உறைக்குக் கொஞ்சம் மோர் இருக்காக்கா?”

அக்கா என்றாள்.

தயிரையே தொடாத வீடு. பின்னால் இவர் வந்து நின்றார். டம்ளரைப் பார்த்தார். என் அழுத முகத்தைப் பார்த்தார். “விளக்கு வச்சாச்சேம்மா, உள்ள வந்து உக்காருங்க” என்றார். வளவில் நாங்கள் கோமு மதினியிடம் சொல்கிற அதே வார்த்தை.

அவள் குழம்பிவிட்டாள். “அப்ப தரமாட்டீங்களா?”

நாங்கள் சிரித்த சிரிப்பில் ப்ரியா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள்.

காப்பி போட்டேன். அடுக்களைக்குள் இவர் பின்னாலேயே வந்து, “அன்னைக்கு நான் சொன்னது தப்பு சித்ரா” என்றார். நானும் மாமாவைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். பால் பொங்கி வழிந்துவிட்டது. பிறகு வழக்கப்படி அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பாக்கியவதி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். தூத்துக்குடி மாறுதல் நின்றுவிட்டதாம். எத்தனை பிள்ளைகள் என்று அவள் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

16.1.97, வியாழன்

அத்தான் வந்தார். சாவியை நானே எடுத்துக் கொடுத்தேன். வாங்கும்போது அவருக்கும் கண் கலங்கிற்று. “நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதியாம்மா?” என்றார். ஆமாம் என்றேன். பொய். ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது. செய்தது சரிதானா? நாளைக்குக் கேட்டால் வேறு மாதிரி சொல்லுவேன்.

அன்றைக்குக் கையோடு எடுத்துப்போன டம்ளரைப் பாக்கியவதி கழுவிக் கொண்டுவந்து நீட்டினாள். உங்க வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.