நபர்களின் எண்ணிக்கை: ஒன்று

அன்புள்ள மேஸ்திரிக்கு,

நான் நலம். வேலையில் என்னை மேய்க்கும் மனைவியை மேஸ்திரி என்று கூப்பிட்டே பழகிவிட்டது. அங்கே நீயும் உன் தங்கையும் சகலையும் சௌக்கியமாக இருப்பீர்கள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று புருவத்தைத் தூக்குவாய். போனில் நீ சாப்பிட்டீங்களா என்கிறாய், நான் ஆச்சு என்கிறேன். அப்புறம் தண்ணீர்த் தொட்டி, கரண்ட் பில், மகளுக்கு இருமல். அதோடு போன் உன் தங்கை கைக்குப் போய்விடுகிறது. மூன்று மாதமாக இதே பாட்டு. அதனால்தான் பேனாவை எடுத்தேன். என் கையெழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டு டீச்சரிடம் கொடுத்திருக்கிறேன். செடிகளுக்கு அவர் தண்ணீர் விடுகிறார். நீ எப்போது வருவாய் என்று கேட்டார். தங்கைக்கு முட்டி ஆபரேஷன், அது சரியானதும் வந்துவிடுவாள் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்று வைத்துக்கொள். உன் தங்கை மாடிப்படி ஏறி இறங்கத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது என்று சகலை போன வாரமே உளறிவிட்டார். அவரைத் திட்டாதே. பாவம், அவருக்கு மறைக்கத் தெரியாது.

இப்போது நான் மலைக்கோட்டைக்குக் கீழே, ஒன்பது வருஷம் முன்பு நாம் தங்கிய அதே லாட்ஜில் இருக்கிறேன். குளியலறைத் தாழ்ப்பாளை இன்னும் மாற்றவில்லை. நீ செய்த மாதிரி வாளியை அண்டக் கொடுத்துத்தான் குளிக்கிறேன். கோட்டைக்குள் இருக்கும் அந்தச் சித்திர மண்டபத்தை இருபத்தொன்றாம் தேதி மூடுகிறார்கள். மராமத்து முடிய ஐந்து வருஷமாவது ஆகுமாம். மேல்விதானத்து ஓவியப் பறவைகளை நாம் அன்றைக்குப் படம் எடுக்க முடியாமல் திரும்பினோம், மேகம் கெடுத்துவிட்டது. ஐந்து வருஷம் கழித்து இந்த முட்டியை வைத்துக்கொண்டு முந்நூறு படி ஏறுவேனா தெரியாது. அதனால் கிளம்பி வந்துவிட்டேன்.

தனியாகவே முடித்துவிடலாம் என்றுதான் வந்தேன். அந்த வீராப்பை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

உனக்குத் தெரிந்ததுதான், அங்கே ஃப்ளாஷ் கூடாது, விளக்கு கூடாது. கிழக்கு ஜன்னல் வழியாகக் காலை ஏழே முக்காலுக்கு ஒரு துண்டு வெயில் தரையில் விழும். பன்னிரண்டு நிமிஷம் இருக்கும், போய்விடும். அதைக் கண்ணாடியில் வாங்கி மேலே அனுப்பினால்தான் பறவைகள் தெரியும். உன் அலமாரிக் கதவில் இருந்து நீ கழற்றிக் கொடுத்த அதே கண்ணாடியைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன். காவலாளி வாசலிலேயே மறித்துவிட்டார். அனுமதிச் சீட்டில் கேமரா ஒன்று, ஸ்டாண்டு ஒன்று, ஆள் ஒன்று. கண்ணாடி இல்லை. இத்தனை வருஷமாக அந்தப் படிவத்தை நீதான் நிரப்புவாய். அதற்குப் பின்பக்கம் ஒன்று உண்டு, கருவிகளை எல்லாம் அங்கே எழுத வேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? முதல் நாள் வெயில் தரையில் விழுந்து நகர்ந்து போனதை, கையைக் கட்டிக்கொண்டு குத்துக்கல் மாதிரி நின்று பார்த்தேன்.

மறுநாள் காவலாளி மனம் இரங்கிக் கண்ணாடியை விட்டார். ஆனால் அதைப் பிடிக்க லாட்ஜ்காரரைக் கூட்டிக்கொண்டு வரவா என்றதற்கு மட்டும் முடியாது என்றுவிட்டார். சீட்டில் ஒரு ஆள் என்றால் ஒரு ஆள்தானாம். அவரே பிடிக்கக் கூடாதா என்றேன். கதவை விட்டு நகர்ந்தால் வேலை போய்விடும் என்றார். அவருக்கு உன்னை நினைவிருக்கிறது. என்னை இல்லை. வணக்கம் சொல்வதற்கு முன்பே, "அம்மா வரலையா சார்?" என்றுதான் கேட்டார்.

கண்ணாடியை நாற்காலியில் சாய்த்துக் கட்டினேன். படத்தில் விதானத்தின் நடுவே ஒரு வெள்ளைத் திட்டு, சுற்றிலும் இருட்டு. பறவைகள் இருந்த இடமே தெரியவில்லை. மூன்றாம் நாள் கேமராவை ஒரு நிமிஷத்துக்குத் திறந்து வைத்துவிட்டு ஓடிப்போய் நானே கண்ணாடியைப் பிடித்து ஆட்டினேன். நீ செய்வதைப் பார்த்ததில்லையா என்ன? பார்த்திருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். படம் முழுக்க ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை மாதிரி கோடு கோடாக வந்தது. ஒரு ஓரத்தில் என் தலை நிழல் வேறு.

அன்றைக்கு மண்டபத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ எங்கே ஆரம்பிப்பாய்? மூலையிலா, நடுவிலா? எண்ணிக்கொண்டே நகர்த்துவாயே, எதுவரை எண்ணுவாய்? இருட்டான சுவரில் அதிக நேரம் நிறுத்துவாயா? இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் நின்றவனுக்கு இதில் ஒன்றும் தெரியவில்லை. நான் கேமரா ஓட்டைக்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பக்கம் திரும்பவே இல்லை. எல்லோரும் பாராட்டுவார்களே, இவர் படத்தில் வெளிச்சம் கல்லுக்குள்ளிருந்தே வருகிறது என்று. அது உன் கையிலிருந்து வந்தது. அதை நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆள் கணக்கை இரண்டாக மாற்றலாம் என்று தொல்லியல் துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் அம்மா நல்ல மாதிரி. பழைய விண்ணப்பங்களைப் பார்த்து எழுதுங்கள் என்று நம் கோப்பை அப்படியே என் முன்னால் வைத்தார். எல்லாம் உன் முத்து முத்தான எழுத்து. ஒவ்வொன்றிலும் முதலில் என் பெயர், பணி புகைப்படக் கலைஞர். கீழே உன் பெயர், பணி உதவியாளர். புரட்டிக்கொண்டே போனால் கடைசியில் நம் முதல் படிவம். அதில் உன் பெயருக்கு எதிரே நீ "வெளிச்சம்" என்று எழுதியிருந்தாய். அது அடிக்கப்பட்டு, மேலே "உதவியாளர்" என்று இருந்தது. அந்தக் கோழிக் கிளறல் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குச் சத்தியமாக நினைவில்லை. ஆபீஸில் சிரிப்பார்கள் என்று அடித்திருப்பேன், ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டேன். அடுத்த படிவத்திலிருந்து நீயே உதவியாளர் என்று எழுதத் தொடங்கிவிட்டாய். எழுத்தர் அம்மா என்ன சார் உடம்புக்கு என்று கேட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

நம் படங்கள் என் பெயரில் புத்தகமாக வந்த அன்று நீ அடுப்படியில் நின்றபடியே முன்னுரையைப் படித்தாய். பதிமூன்று பேருக்கு நன்றி சொல்லியிருந்தேன். வழி தப்பி நம்மை வயக்காட்டில் இறக்கிவிட்ட வேன்காரருக்குக்கூட. நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னாய். மகள் போனில் என்னைப் பிடித்தாள், அம்மா பேர் எங்கே என்று. "வீட்டு மனுஷிக்கு யாராவது நன்றி சொல்வாங்களா?" என்று சிரித்தேன். நீ அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாய். மறுநாள் உன் தங்கைக்கு முட்டி வலி வந்துவிட்டது.

மூன்று மாதமாக எனக்கு எதுவும் புரியாத மாதிரி இருந்தேன். புரிந்தது. ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை, அவ்வளவுதான். மறுபதிப்பில் முன்னுரையைத் திருத்தலாம் என்கிறாள் மகள். பதினான்காவது ஆளாக உன்னைக் கடைசியில் ஒட்டவைப்பதா? தப்பு முன்னுரையில் இல்லை, அட்டையில் இருக்கிறது. பதிப்பாளரிடம் பேசிவிட்டேன். இரண்டு பெயர் போட்டால் அட்டை நெரிசலாகுமே என்றார். அப்படியானால் என்னுடையதைச் சின்னதாகப் போடுங்கள் என்றேன்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீ சொல்லலாம். சொல்லு, கேட்டுக்கொள்கிறேன். நேரில் வந்து சொன்னால் இன்னும் நல்லது. அந்தப் படம் வராமல் போனால் போகட்டும், ஐந்து வருஷம் காத்திருப்பேன். நீ வராமலே இருந்துவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயம். அதை எழுதத்தான் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

இத்துடன் புதுப் படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். பின்பக்கத்தையும் நிரப்பியாயிற்று: கண்ணாடி ஒன்று, வெள்ளைப் போர்வை இரண்டு. நபர்கள் இரண்டு. உன் கையெழுத்து இல்லாமல் செல்லாது என்று எழுத்தர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். இன்று பத்தாம் தேதி. தபாலில் திருப்பி அனுப்பினால் மூன்று நாள் ஆகும். கையில் எடுத்துக்கொண்டு ரயில் ஏறினால் ஒரே ராத்திரி.

உன் பெயரை முதல் வரியில் எழுதியிருக்கிறேன். அதற்கு எதிரே, பணி என்ற கட்டத்தைத் தொடவில்லை. நீயே எழுது. எதை எழுதினாலும் சரி, என் பேனா அதன்மேல் இனிப் போகாது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். தங்கை முட்டியை நான் விசாரித்ததாகச் சொல்.

ரயில் நேரத்தை விசாரித்து வைத்திருக்கும்
உன் வீட்டுக்காரன்