குளங்களுக்கு ஒரு விக்கி

காலையில் ஜன்னலைத் திறந்ததும் சாரல் உள்ளே வந்தது. ஈர மண்ணும் மேசைமேல் கிடந்த மங்குஸ்தான் தோலும் கலந்து ஒரு வாசம். குத்துக்கல்வலசை மாடி அறையில் நாம் வேலை செய்த நாட்கள் அந்த வாசத்தில் மிதந்து வந்தன.

சென்னை வேலையை விட்டுவிட்டு வந்த இரண்டு தோழிகள் நாம். வடகரைப் பக்கத்துக் குளங்களையும் மடைகளையும் பற்றி யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு விக்கி செய்தோம். கண்ணுக்குத் தெரியும் பக்கங்கள் என் பொறுப்பு. பின்னால் இயங்கும் நிரல் உன்னுடையது.

குற்றால மலையை மேகம் மூடித் திறப்பதைப் பார்த்தபடியே நீ யோசிப்பாய். எழுதியதைச் சேமிக்க வேண்டும், பழையதைக் காக்க வேண்டும், தேடித் தர வேண்டும். நிரலின் நடுவில் அவ்வளவு போதும் என்றாய். படம், வரைபடம் எல்லாம் பிறகு யார் வேண்டுமானாலும் செய்து வெளியிலிருந்து மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்கான இடங்களைச் செய்வதிலேயே மூன்று மாதம் போயிற்று.

எனக்குப் பொறுக்கவில்லை. "யாரு வந்து மாட்டப் போறாவ? இருக்கதையே இன்னும் முடிக்கல" என்று கத்தினேன்.

"ஏட்டி, நமக்குத் தெரியாத ஆட்கள் வருவாவ. அவங்களுக்கு என்ன வேணும்னு இப்பவே நாம எப்படிச் சொல்ல முடியும்?"

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இரண்டு வாரம் பேசவில்லை. அந்த நாட்களில்தான் உனக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. நான் ஓடி வந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாய். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதெல்லாம் பெறவு. எப்படி மாட்டணும்னு விளக்கம் எழுதணும். நான் சொல்லுதேன், நீ அடி" என்றாய். நான்கு பக்கம் வந்தது. அந்த வாரமே நீ போய்விட்டாய்.

போன மாதம் செங்கோட்டையிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் போனில் அழைத்தாள்.

"அக்கா, எங்க அம்மா வடகரைக்காரி. எழுதத் தெரியாது, ஆனா மடை பூராவும் அத்துபடி. பேசினா அந்தக் குரலே விக்கிப் பக்கத்துல சேருத மாதிரி ஒண்ணு செஞ்சு மாட்டியிருக்கேன்."

"யாருகிட்ட கேட்டுச் செஞ்சே?"

"யாருகிட்டயும் கேக்கல. விக்கியில போட்டிருக்க அந்த நாலு பக்க விளக்கத்தை வாசிச்சேன், புரிஞ்சிட்டு."

உன் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்த அம்மாவின் குரலைக் கேட்டேன். "குளம் நெறஞ்சு மறுகால் பாயும்போது ஒரு சத்தம் வரும். அதக் கேட்டாலே எந்த மடையத் தெறக்கணும்னு தெரிஞ்சிரும்." எனக்கும் அந்தச் சத்தம் கேட்பதுபோல இருந்தது.

கேட்க முடியாமல் போன மன்னிப்பு இன்னும் என்னிடமே இருக்கிறது. நாளை அந்தப் பெண் இங்கே வருகிறாள். தேடும் முறையை மாற்ற வேண்டுமாம், நிறைய நாளாகுமாம். ஆகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.