அறுகம்பே வேண்டாம் என்றேன்

2003 ஆகஸ்ட் 14, வியாழன். சீகிரியா.

தேநீர் கொண்டுபோனபோது லண்டன் அக்காவின் கட்டிலில் இரண்டு வரைபடங்கள் விரிந்து கிடந்தன. அங்கிருந்து வந்து நான் வேலை செய்யும் விடுதியில் தங்கியிருப்பவர். ஒன்று மாலைதீவு, மற்றது எங்கள் கிழக்குக் கரையில் உள்ள அறுகம்பே. கடல் அலையில் பலகை மேல் நிற்கப் பழகப் போகிறாராம்.

"மாலைதீவுக்குப் போறதோ, அறுகம்பேக்கோ? அறுகம்பே என்டா நீயும் வா. உங்கட மேடத்தை நான் கேக்கிறன்."

நான் கடலையே பார்த்ததில்லை. வேலைக்கு அல்லாமல் என்னை இங்கே கூப்பிட்டவரும் அவர் ஒருவர்தான். ஆனால் அந்தப் பாதையில் செக்பொயின்டில் இராணுவத்தினர் இறக்கி அடையாள அட்டை கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில்தான் அந்த அட்டைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார்கள். நான் அதற்கு முன்பே படிப்பை நிறுத்திவிட்டேன்; என்னிடம் அட்டை இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"மாலைதீவுதாங்கக்கா நல்லது. அங்க அலை சின்னதாம்."

"ஆர் சொன்னது உனக்கு?" சிரித்துக்கொண்டே அறுகம்பே வரைபடத்தை மடித்தார்.

நான் அந்த அறைக்கு அடுத்து வருபவருக்கான கட்டில் விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டேன்.