பதினோரு அடி வெளிச்சம்

மூன்றாம் தேதி, செவ்வாய்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உயிரோடும் ஓரளவு ஒற்றுமையோடும் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. வாய்க்கு எப்போதுமே வலி கிடையாது. அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாயே, கம்பளிச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்தாயா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ ‘சாப்பிட்டீங்களாப்பா’ என்பாய், நான் ‘ஆச்சும்மா’ என்பேன். நீ ‘வேற என்னப்பா’ என்பாய், நான் ‘வேற ஒண்ணுமில்ல’ என்பேன். அந்த ‘வேற ஒண்ணுமில்ல’வைச் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கே தேய்ந்துவிட்டது. அதனால்தான் காகிதம்.

விஷயம் நம் காரைப் பற்றியது. என் வயதுள்ள அந்தக் கார், உன் அம்மா ‘சக்களத்தி’ என்று பெயர் வைத்த அதே கார். அதன் ஹெட்லைட் இரண்டும் போய்விட்டன. உள்ளே வெளிச்சத்தை ரோட்டுக்குத் திருப்பும் வெள்ளி பூசிய கிண்ணம் துருப்பிடித்து உதிர்கிறது. நேற்று மெக்கானிக் என் பட்டறைக்கே வந்து, நான் மெழுகில் பொய்ப்பல் அடுக்கிக்கொண்டிருந்த மேசைமேல் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்றில் பழைய மாதிரி: கோடு கோடாய் வரி போட்ட கனத்த கண்ணாடி, மஞ்சள் பல்பு, பார்த்தால் அப்படியே ஒரிஜினல். இன்னொன்றில் புது எல்.ஈ.டி. அதே வட்டம், அதே அளவு, வெளிச்சம் மட்டும் பகல் மாதிரி. ‘இதப் போட்டா கார் அழகா இருக்கும் சார், அதப் போட்டா ரோடு தெரியும். எதுன்னு சொல்லுங்க, அரை நாள் வேலை’ என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ‘லைட்டுக்கு என்ன சார் இவ்ளோ யோசனை, பொண்ணா பாக்குறீங்க?’ என்று சிரித்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் பழைய கார் சங்கத்தின் கண்காட்சி. நடுவர்கள் திருகாணியைக்கூட விட மாட்டார்கள். புது விளக்கு என்றால் நான்கு மதிப்பெண் போச்சு. நான் கேடயம் வாங்கிய வருடம் இரண்டே மதிப்பெண்ணில்தான் ஜெயித்தேன். அந்தக் கேடயம் இப்போது அலமாரிக்குப் பின்னால் கிடக்கிறது. நாள் முழுக்கப் பொய்ப்பல் செய்கிற மனுஷனுக்கு ஒரிஜினல் மேல் என்ன இவ்வளவு வெறி என்று அம்மா கேட்கிறாள்.

அம்மா இன்னொன்றும் சொன்னாள். கால்நடை ஆஸ்பத்திரி அறையை விட்டுப் பண்ணை பண்ணையாகப் போய் மாடு பார்க்கும் வேலை உனக்கு வந்திருக்கிறதாம். தனி வேன் கொடுக்கிறார்களாம். ஆறு வயதில் பக்கத்து வீட்டு ஆட்டின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு ‘இதுக்கு அஜீரணம்’ என்று சொன்னவள் நீ. இந்த வேலைக்காகத்தானே அவ்வளவு படித்தாய்? அதை வேண்டாமென்று மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்கப் போகிறாயாமே. ‘என்னை நம்பி ஒரு வண்டியக் குடுக்கக் கூடாதும்மா, என் கண்ணு சரியில்ல’ என்றாயாம்.

மூன்று வருடம் ஆகிறது, பாப்பா. சாயங்காலத் தூறலில் ஒரு பெயின்டர் சைக்கிளில் ஏணியைக் கட்டித் தள்ளிக்கொண்டு போனார், நம் காரை ஓட்டிவந்த நீ அவரை இடித்தாய், அவருக்குக் கால் உடைந்தது. அன்றிலிருந்து நீ ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மூன்று கண் டாக்டரைப் பார்த்தாய். மூன்று பேரும் கழுகுக் கண் என்றார்கள். நீ நம்பவில்லை. மூன்று தடவையும் உன்னைக் கூட்டிக்கொண்டு போனவன் நான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அட்டை கிழிந்த வாரப் பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் ஐந்து வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்க்காதே.

பழைய விளக்கா, புது விளக்கா, உன் அபிப்பிராயத்தை உடனே எழுது. மெக்கானிக் நச்சரிக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா


பன்னிரண்டாம் தேதி, வியாழன்

பாப்பாவுக்கு,

உன் கார்டு வந்தது. மூன்றே வரி. ‘எதை வேணும்னாலும் போடுங்கப்பா. நான் அந்தக் கார்ல ஏறப் போறதில்ல. வேலை வேண்டாம்னு எழுதி வெச்சுட்டேன், கடைசி நாள் குடுத்துடுவேன்.’ அவ்வளவுதான். பெற்ற அப்பனுக்கு எழுதுகிற கடிதமா இது? மின்சார ஆபீஸ்காரர்கள்கூட இதைவிட நீளமாக எழுதுவார்கள்.

நீ என்ன பெரிய தியாகியா? ஒரு தடவை ஒரு விபத்து. ஊர் உலகத்தில் யாருக்கும் நடக்காததா? மூன்று டாக்டர் சொல்லியும் கேட்காத தலைக்கனம் எங்கிருந்து வந்தது? வேன் தருகிறேன் என்று அவர்களே சொல்லும்போது உனக்கென்ன நோகிறது? இதற்கா உன்னைப் படிக்க வைத்தேன்? பிடிவாதத்தில் நீ அப்படியே உன் அம்மா.

இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. பட்டறையில் ஒரு வாத்தியாருக்குச் செய்த பல்செட்டில் மேல்வரிசையைக் கீழ்வரிசையோடு பொருத்தாமலே கொடுத்தனுப்பிவிட்டேன். அவர் வாயை மூட முடியாமல் திரும்பி வந்தார். சிரிக்காதே.

நேற்று உனக்கு இரண்டு முறை போன் செய்தேன். நீ எடுத்தாய். நான் மழையைப் பற்றிப் பேசினேன்.

ஹெட்லைட் இன்னும் மாட்டவில்லை.

அப்பா


பத்தொன்பதாம் தேதி, வியாழன்

என் பாப்பாவுக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போடு. திட்டு வாங்க வேண்டியவனே பேனாவைப் பிடித்துக்கொண்டு உன்னைத் திட்டியிருக்கிறான்.

சொல்லிவிடுகிறேன். நடுவில் நிறுத்தினால் திரும்ப எழுத மாட்டேன்.

ரோட்டில் ஓட்டுவதற்கென்று நம் காரில் பளிச்சென்ற பல்பு போட்டிருந்தேன், உனக்கு நினைவிருக்கும். மூன்று வருடம் முன்பு கண்காட்சிக்காக அதைக் கழற்றிவிட்டு, அந்தக் காலத்துக் கண்ணாடியையும் மஞ்சள் பல்பையும் மாட்டினேன். கேடயம் கிடைத்தது. சங்கத்து ஆண்டு மலருக்குப் படம் எடுக்க வருகிறோம் என்றார்கள். வரட்டும், அப்புறம் மாற்றலாமென்று அப்படியே விட்டுவைத்தேன். பன்னிரண்டு நாள். நான் பகலில்தானே ஓட்டுகிறேன் என்ற அலட்சியம்.

அந்த வெள்ளிக்கிழமை, சித்தி வீட்டிலிருந்து அம்மாவைக் கூட்டிவர நீ சாவியை எடுத்தாய். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தாய். சரி என்றேன். தலையை நிமிர்த்தக்கூட இல்லை. நீ தெருமுனையைத் திரும்பிய பிறகுதான் லைட் மாற்றவில்லை என்பது எனக்கு உறைத்தது. இருட்டுவதற்குள் வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு மறுபடி மெழுகைக் கையில் எடுத்தேன்.

சித்தி வீடு போய்ச் சேரும் முன்பே இடித்து, பெயின்டரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து, நீ ‘லைட்டே ரோட்டுல விழலப்பா’ என்றாய். ‘லைட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ எங்க பாத்துட்டு ஓட்டின?’ என்றேன். இந்த வாய்தான் சொன்னது.

அதோடு விடவில்லை. மறுநாள் காலை நீ எழுவதற்கு முன் பழைய விளக்குகளைக் கழற்றிவிட்டுப் பளிச்சென்ற பல்பை மாட்டினேன். பக்கத்துக்கு மூன்று திருகாணி, கால் மணி நேர வேலை. மத்தியானம் வண்டி ஆய்வாளர் வந்து லைட்டைச் சுவரில் அடித்துப் பார்த்தார், நன்றாக எரிகிறது என்று எழுதிக்கொண்டார். நீ அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாய். உன் கண்ணை நீ சந்தேகப்பட ஆரம்பித்தது அந்த நிமிடத்தில்தான். நான் பக்கத்திலேயே நின்று அதைப் பார்த்தேன், பாப்பா. பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

போன சனிக்கிழமை பெயின்டர் வீட்டுக்குப் போனேன். அவர் இப்போது ஏணி ஏறுவதில்லை. சுவரின் கீழ்ப்பாதி அவருக்கு, மேல்பாதி அவர் மச்சினனுக்கு. ‘ரெண்டும் சேர்ற எடத்துலதான் சார் தினம் சண்டை’ என்று சிரித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. பிரஷ்ஷை எடுத்துத் துடைத்தார். பிறகு, ‘உங்க பொண்ணு மாசா மாசம் போன் பண்ணுது. எடுத்ததும் மன்னிச்சிடுங்கன்னுதான் ஆரம்பிக்கும். போதும்மா விடுன்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். நீங்க இத்தனை நாளா இதே ஊர்லதான் இருந்தீங்களா?’ என்று கேட்டார். இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ‘இத எங்கிட்ட சொல்லி என்ன சார் பிரயோஜனம், அதுகிட்ட சொல்லுங்க’ என்றார்.

நான் எழுதினால் மட்டும் நீ நம்ப மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அப்பா என் மனசைத் தேற்றக் கதை கட்டுகிறார் என்பாய். டாக்டர்களையே நம்பாதவள் ஆயிற்றே. அதனால் மெக்கானிக்கிடம் பழைய மாதிரி விளக்கை மாட்டச் சொன்னேன். ‘ஒரு வழியா முடிவு பண்ணிட்டீங்க’ என்றார். ஒரே ஒரு சாயங்காலத்துக்கு என்றேன். அவருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அதன்பிறகு அவர் என்னிடம் கேலி பேசவில்லை.

நேற்றுத்தான் தூறல் வந்தது. அதே சாலை, ஏறக்குறைய அதே நேரம். வேறு வண்டிகள் வராமல் மெக்கானிக் பார்த்துக்கொண்டார். பெயின்டர் தன் ஓட்டை சைக்கிளையும் ஒரு பழைய ஏணியையும் கொண்டுவந்தார். ‘நான் நிக்க மாட்டேன் சார், எங்கிட்ட மிச்சம் இருக்குறது ஒரு நல்ல காலு’ என்று சொல்லிவிட்டு, அன்று தான் இருந்த இடத்தைக் காட்டினார். அங்கே ஒரு காலி டின்னில் சாய்த்து, ஏணியைக் கட்டிய சைக்கிளை நிறுத்தினேன். நானே நிறுத்தினேன். எங்கே நிற்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நாற்பதில் வந்தேன், நீ அன்று வந்த வேகம். கண்ணைக் கொட்டாமல் வந்தேன். ரோடு முழுக்க மஞ்சளும் கறுப்புமாக ஒரு கலங்கல். திடீரென்று ஏணி தெரிந்தது, பிரேக்கை மிதித்தேன், ஏணி பானெட் மேல் கிடந்தது. சைக்கிள் டின்னோடு சாக்கடை ஓரத்துக்குப் போய்விட்டது. நான் இறங்கவில்லை. பெயின்டர் நொண்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்து, ‘எறங்குங்க சார், ஒண்ணும் ஆகல’ என்று என் கையைப் பிடித்தார். அழுதுவிட்டேன். பிறகு ஏணியை மறுபடி நிறுத்திவிட்டு நடை வேகத்தில் இன்னொரு தடவை போய், ஏணி கண்ணில் பட்ட இடத்தில் நிறுத்தி மெக்கானிக் டேப் வைத்து அளந்தார். பதினோரு அடி. முப்பத்தைந்து வருடம் ஓட்டியவன், அங்கே ஏணி இருக்கிறது என்று தெரிந்தே போனவன், நானே இடித்துவிட்டேன். எதுவும் தெரியாமல் வந்த குழந்தை நீ என்ன செய்திருப்பாய்?

அம்மாவிடம் நேற்று ராத்திரியே சொன்னேன். அரைத்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். இன்று காலை வெளியே வந்து, ‘மூணு மாசம் அவ கண்ணுல சொட்டு மருந்து ஊத்துனேனே, நீங்க பாத்துட்டுத்தானே இருந்தீங்க?’ என்றாள். ஆமாம் என்றேன். ‘நீங்க எழுதுறீங்களா, நான் எழுதவா?’ என்றாள். இப்போது எதிரில் உட்கார்ந்து, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுதி முடித்ததும் ஆய்வாளர் ஆபீசுக்குப் போய் நான் செய்ததை எழுதிக் கொடுக்கப் போகிறேன். என்ன செய்கிறார்களோ செய்யட்டும். காருக்கு இனி புது விளக்குதான். கண்காட்சிக்குப் பெயர் கொடுக்கவில்லை.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. மன்னித்துவிடு, பாப்பா.

இந்தக் கடிதம் இருபத்துமூன்றாம் தேதி வாக்கில் உன் கைக்கு வரும். மாதக் கடைசிக்கு ஒரு வாரம் இருக்கும். படித்த கையோடு அந்த ‘வேண்டாம்’ கடிதத்தைக் கிழி. சரி என்று எழுதி, நீயே நேரில் கொண்டுபோய்க் கொடு. அதற்கப்புறம் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, என்னைத் திட்டிப் பத்துப் பக்கம் எழுது. எழுதவே மாட்டேன், இந்த அப்பன் முகத்தில் விழிக்கவே மாட்டேன் என்றாலும் அது உன் இஷ்டம், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் என்மேல் இருக்கும் கோபத்தில் அந்த வேலையை மட்டும் விட்டுவிடாதே.

எந்தப் பண்ணைக்கு ஓட்டிப் போனாலும் நல்லபடியாகப் போய் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும், நூறு வயது நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அன்றும் இல்லை.

இப்படிக்கு,
நீ ஒப்புக்கொண்டால்,
உன் அப்பா