தபசுகாலத்தில் வெந்த கறி

அக்கா,

இன்று வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டில் மிளகு தட்டிப் போட்டுக் கோழி வேகவைக்கிறார்கள். மணம் சுவரைத் தாண்டி வந்ததும் கையிலிருந்த ஜெபமாலை நின்றுவிட்டது. இந்த வேளையில் யாருக்காக ஆக்குகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். நம் காலத்துத் தபசுகாலத்தை இப்போது தவக்காலம் என்கிறார்கள். யார் வீட்டு உலையில் என்ன வேகிறது என்று கோவிலில் யாரும் விசாரிப்பதில்லை. என் மூக்குதான் இன்னும் திருந்தவில்லை.

நான் திருமானூர்ப் பக்கம் வாழ வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சண்டை நடந்துகொண்டிருந்த காலம். உங்கள் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போயிருந்தார். மாமியார் இல்லாத வீட்டில் நீங்கள், நான், உங்கள் கொழுந்தனாரான என் வீட்டுக்காரர், மூன்றே பேர். அவர் கோவில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். விபூதிப் புதன் அன்று கறிச்சட்டிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்து நீங்களே பரணில் ஏற்றினீர்கள். "நாப்பது நாளும் நம்ம வூட்டுல கவிச்சி கெடையாது புள்ள. எனக்கு ஒருசந்தி. நீ புதுசு, ஒனக்கு முடிஞ்சத செய்" என்றீர்கள். ஒருவேளைச் சோற்றோடு நீங்கள் வேலை செய்வதைப் பார்த்து, இவ்வளவு பக்தி உண்மையாக இருக்குமா என்று அப்போதே எனக்கு ஒரு சந்தேகம்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப்பாதைக்கு என்னை மட்டும் அனுப்பினீர்கள். உங்களுக்குத் தலைவலி, அவருக்குப் பிள்ளைகளின் நோட்டுத் திருத்தும் வேலை. ஐந்தாம் ஸ்தலத்தில் எனக்கு மயக்கமாக வர, பாதியில் திரும்பிவிட்டேன். வாசலிலேயே அந்த மணம். அவர் அடுப்படியிலிருந்து துண்டால் வாயைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"அதுக்குள்ள வந்துட்டியா?" என்று கேட்டீர்கள்.

"என்னக்கா வாசனை?"

"வெங்காயம் வதக்குனேன்." தலையை நிமிர்த்தாமல் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலையே இல்லை. கோழிகளை எண்ணினேன். எட்டு ஏழானது, ஏழு ஆறானது. கேட்டால் கீரிமேல் பழி போட்டீர்கள். நான் உள்ளே வந்தால் நீங்கள் இருவரும் பேச்சை நிறுத்தினீர்கள். ஒருநாள் "அவளுக்குத் தெரியக்கூடாது அண்ணி" என்று அவர் சொன்னது கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற என் காதில் விழுந்தது. வேறென்ன நினைப்பேன்? புருசன் ஊரில் இல்லாதவள், கலியாணம் ஆகி வருசம் திரும்பாதவன். நினைத்ததை வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லை. அதனால் கிணற்றடியில் உபதேசியார் மனைவியிடம் மற்றதைச் சொன்னேன். "எங்க வூட்டுல தபசுகாலத்துலயும் கறி வேவுதுங்க." அவ்வளவுதான் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோவிலுக்கு வரச்சொல்லி நம் மூவருக்கும் ஆள் வந்தது. சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார் வைத்ததே சட்டம். சிலுவைப்பாதை தொடங்கும் முன் உங்களை எழுப்பி நிறுத்தினார்.

"ஒங்க வூட்டுல கறி ஆக்குனது உண்மையா?"

"உண்மைதாங்க."

"யாருக்கு?"

நீங்கள் வாய் திறக்கவில்லை. நடுக்கோவிலில் முட்டிபோடச் சொன்னார். முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு போய் முட்டிபோட்டீர்கள். ஊரே பார்த்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது அக்கா. இதை எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் நான் சொன்னதில்லை.

மூன்றாம் ஸ்தலம் முடிவதற்குள் ஆண்கள் பக்கத்திலிருந்து அவர் எழுந்து வந்து, உங்களுக்கு இரண்டு முழம் தள்ளி முட்டிபோட்டார்.

"தின்னது நான்தாங்க. அவங்க ஒரு வாய் தொடல."

பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நான் நினைத்ததையே ஊரும் நினைக்கிறது என்று எனக்கு உடம்பு கூசியது. அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருமல் வந்துவிட்டது. துண்டை வாயிலிருந்து எடுத்தபோது அதில் ரத்தம்.

அரியலூர் டாக்டர் சயரோகம் என்று சொல்லி இரண்டு மாதம் ஆகியிருந்ததாம். கோழிச்சாறு கொடுக்கச் சொன்னாராம். வெளியே தெரிந்தால் வாத்தியார் வேலை போய்விடும், என் அப்பா வந்து என்னைக் கூட்டிப்போய்விடுவார் என்று உங்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். "நோயாளிக்கு வெலக்கு உண்டும்மா. ஒரு வார்த்த சொல்லியிருக்கக்கூடாதா?" என்று உபதேசியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவர் பயந்தபடியே எல்லாம் நடந்தது. வேலை போயிற்று. வரதராசன்பேட்டையிலிருந்து அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். "கெளம்பு, ஒனக்கு வயசு இருக்கு" என்றார். நான் போகவில்லை. நோயாளிப் புருசனை விட்டுப் போகாத பெண் என்று கோவிலில் என்னை மெச்சினார்கள். உங்களுக்காவது உண்மை தெரியட்டும். அவரை உங்களிடம் விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. சாறு யாருக்கு என்று தெரிந்த பிறகும், அந்த இன்னொரு சந்தேகம் முழுசாக விட்டுப் போகவில்லை.

நீங்கள் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. யார் சொல்லியிருப்பார்கள் என்று ஊரில் பேச்சு வந்தபோதும், "ஆரு சொன்னா என்ன" என்று நகர்ந்துவிட்டீர்கள். அந்த அமைதியையும் நான் நம்பவில்லை. என்றைக்காவது எல்லார் முன்னாலும் போட்டு உடைப்பீர்கள் என்று காத்திருந்தேன். எனக்கு மீன் தலையை எடுத்து வைத்தால், இதற்குள் என்ன உள்நோக்கம் என்று பார்த்தேன்.

ஆனால் ஒன்றின் காரணத்தை மட்டும் தவறாகப் புரிந்துகொண்டேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு உங்கள் கையால் அவருக்கு ஒரு பிடி சோறு வைக்கவில்லை நீங்கள். சாறு காய்ச்சுவீர்கள், வடிகட்டுவீர்கள், கிண்ணத்தை என் கையில் கொடுப்பீர்கள். "நீயே கொண்டுபோய்க் குடு." நோய்க்குப் பயந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். உங்கள் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த பிறகும் அதே வழக்கம்தான். ஆறு வருசம்.

கடைசி நாள் நான் களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தேன். உச்சிவெயில். வாசலில் நின்று நீங்கள் கூப்பிட்டது கேட்டது. "ஏ புள்ள, ஓடியா, தம்பி தண்ணி கேக்குது." ஓடி வந்தேன். அவர் கட்டிலில் வாய் திறந்தபடி கிடந்தார். நிலைப்படிக்கு வெளியே நீங்கள் நின்றிருந்தீர்கள். கையில் தண்ணீர்ச் செம்பு. உங்களுக்கும் கட்டிலுக்கும் நடுவே நாலு எட்டு தூரம்கூட இல்லை. செம்புத் தண்ணீர் சிந்தி உங்கள் புடவையெல்லாம் நனைந்திருந்தது.

என்னிடம் செம்பை நீட்டினீர்கள். அவர் இரண்டு மிடறு குடித்தார்.

கிணற்றடியில் நான் சொல்லாமல் வைத்திருந்த அந்தச் சந்தேகமும் உங்களுக்குத் தெரிந்திருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அதன்பின் எத்தனையோ வருசம் ஒரே வீட்டில் இருந்தோம். உங்கள் முகத்தைப் பார்த்து அதைக் கேட்க எனக்கு வாய் வரவேயில்லை.